கம்பிகள் தாங்கும் களனிப் பாலம்

வெளிநாடு செல்லும் கணவரையோ மகனையோ வழியனுப்பக் கொழும்பு போய், அங்கிருந்து கட்டுநாயக்கவுக்குப் புறப்பட்டிருக்கிறீர்களா? களனி கங்கையின் மேலே, கோபுரங்களில் இருந்து சரிவாக இறங்கும் கம்பிகளைக் கண்டிருப்பீர்கள். அவை அலங்காரத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. உங்கள் வாகனத்தின் சுமையில் ஒரு பங்கை அவைதான் தாங்குகின்றன.

1959இல் கட்டப்பட்ட பாலத்தில் நெரிசல் மிகுந்ததால், ஜப்பானியக் கடனுதவியுடன் இப்புதிய பாலம் எழுந்தது. 2021 நவம்பர் 24ஆம் திகதி திறக்கப்பட்டது. நீளம் 380 மீற்றர். நடுவில் மட்டும் 180 மீற்றர் தூரத்துக்குத் தூணே இல்லை. அது எப்படி விழாமல் நிற்கிறது?

வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு செங்கற்களின் மேல் நீண்ட பலகையொன்றை வைத்து, நடுவில் அம்மிக் குழவியை ஏற்றுங்கள். பலகை வளையும். நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி, ஓரத்தில் நிற்கும் கம்பத்தின் உச்சியில் இழுத்துக் கட்டினால் வளைவு குறையும். ஆனால் கம்பம் உட்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் மறுபுறமும் ஒரு கயிறு வேண்டும். கோபுரத்தின் இருபுறமும் கம்பிகள் இருப்பதன் காரணம் இதுதான். உருக்குக் கம்பி இழுவையைத் தாங்கும். கொங்கிறீட் கோபுரம் அழுத்தத்தைத் தாங்கிச் சுமையை அத்திவாரத்துக்கு இறக்கிவிடும்.

கல்கத்தாவில் 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவில் நடு இடைவெளி 457 மீற்றர். அங்கே கோபுரங்கள் மிக உயரமானவை. பாரத்தின் பெரும்பகுதி கம்பிகளுக்கே. களனியில் கோபுரங்கள் குட்டையானவை. பாலத்தின் தட்டே பலமாக அமைக்கப்பட்டு, அதுவும் கம்பிகளும் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த வகைக்கு 'எக்ஸ்ட்ராடோஸ்ட்' என்று பெயர். 1988இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் மத்திவா இந்த யோசனையைச் சொன்னார். 1994இல் ஜப்பானின் ஒதவாராவில் முதற்பாலம் கட்டி முடிக்கப்பட்டது.

ஆனால் கட்டி முடித்ததோடு கடமை முடிந்துவிடுமா? இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறக்கப்பட்ட மொராண்டிப் பாலத்தில், தாங்கு கம்பிகளைக் கொங்கிறீட்டுக்குள் மூடியிருந்தார்கள். உள்ளே துரு ஏறுவது வெளியே தெரியவில்லை. 2018 ஓகஸ்ட் 14ஆம் திகதி பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 43 பேர் உயிரிழந்தனர்.

கடற்கரையில் வாழும் நமக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியும் கிணற்று வாளியின் பிடியும் உப்புக்காற்றில் என்னவாகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறோம். நேரத்துக்கு வர்ணம் பூசிய வீட்டில் கம்பி நிலைக்கிறது. பெரிய பாலத்துக்கும் இதே கவனிப்புத்தான் தேவை. திறப்பு விழாவில் கைதட்டும் நாம், "கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" என்று பொறுப்பானவர்களிடம் கேட்கவும் பழக வேண்டும். அந்தப் பாலத்தில் போவது நம் பிள்ளைகள் அல்லவா!