வேலைக்குத்தான் சம்பளம்

"சிறப்புக் குழந்தைகளுக்காக ஏதாவது செய்யணும் சார். ஒரு கம்பெனி தொடங்கலாம்னு இருக்கேன்" என்று யாராவது வந்து உட்கார்ந்தால், முதலில் இரண்டு டீ சொல்லிவிடுவேன். விஷயம் டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடியதுதான். ஆனால் நிதானமாகக் கேட்க வேண்டும்.

முதலில் கணக்கு. அறக்கட்டளை நன்கொடையில் ஓடுகிறது. கம்பெனி வாடிக்கையாளர் தரும் காசில் ஓடுகிறது. சமூகத் தொழில்முனைவு, பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் போவது. தொடங்கிய காரணம் லாபம் இல்லை, ஆனால் வரவு செலவை மிஞ்சியே ஆக வேண்டும். சிறப்புப் பள்ளிகளில் செய்யும் காகிதப் பையையும் அகல் விளக்கையும் தீபாவளி சமயத்தில் வாங்குகிறோம். நல்ல காரியம்தான். கார்த்திகை முடிந்ததும் அந்தப் பக்கம் எத்தனை பேர் போகிறோம்? இரக்கத்துக்கு சீசன் உண்டு. மாதச் சம்பளத்துக்கு அது இருக்கக் கூடாது.

டென்மார்க்கில் தோர்கில் சோன்னே என்று ஒருவர். தொலைத்தொடர்புத் துறையில் தொழில்நுட்ப இயக்குநர். மகன் லார்ஸுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று தெரியவந்தது. ஏழு வயதில் அந்தப் பையன் ஒரு தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, எண்களும் எழுத்துகளுமாக நிரப்பிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு வீட்டிலிருந்த ஐரோப்பிய சாலை வரைபடப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: அதன் உள்ளடக்கப் பக்கத்தை மனதிலிருந்தே எழுதியிருக்கிறான். ஒப்பிட்டுப் பார்த்தார். பிழையே இல்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். "என் பிள்ளை மேதை" என்று பூரித்துப்போய் அவர் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் இந்தக் கவனத்துக்குக் காசு கொடுக்கும் வேலை எது என்று யோசித்தார். அவருடைய துறையிலேயே அது இருந்தது: மென்பொருள் சோதனை.

ஒரு வங்கிச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் எண்ணைப் போட்டால் என்ன ஆகும்? பிறந்த தேதி பிப்ரவரி 30 என்றால் ஏற்றுக்கொள்கிறதா? செயலியில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் இத்தனையையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். பத்தாவது தடவை நம் கண் தானாக அடுத்த வரிக்குத் தாவிவிடும். தாவாத கண்கள் சிலருக்கு உண்டு.

2004இல் வீட்டை அடமானம் வைத்து, ஆட்டிசம் உள்ளவர்களைச் சோதனையாளர்களாக வேலைக்கு எடுக்கும் ஸ்பெஷலிஸ்டெர்னே என்ற கம்பெனியைத் தொடங்கினார் சோன்னே. பெரிய மாற்றத்தை வாசலிலேயே செய்தார். கண்ணைப் பார்த்துப் பேசுவது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் சரளமாக அளப்பது, இவையெல்லாம் வழக்கமான நேர்முகத் தேர்வின் மதிப்பெண்கள். சோதனையாளர் வேலைக்கு இவற்றால் என்ன பயன்? அதனால் வந்தவர்களிடம் லெகோ ரோபோ பெட்டியைக் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் கட்டவும் நிரல் எழுதவும் விட்டு, யார் எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்வது, திடீரென்று வேலையை மாற்றாமல் இருப்பது, இதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குத் தேவைப்பட்ட சலுகை. வாடிக்கையாளரிடம் தள்ளுபடி பேசவில்லை, சந்தை விலைதான்.

2013இல் எஸ்ஏபி என்ற பெரிய மென்பொருள் நிறுவனம், ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்க இவர்களோடு கைகோத்தது. அதற்கு முன்னோட்டம் நடந்த இடங்களில் ஒன்று நம் பக்கத்து பெங்களூரு.

இதைக் கேட்டுவிட்டு, ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாருமே கணினிப் புலிகள் என்று கிளம்பிவிடாதீர்கள். பலருக்கு இந்த வேலை ஒத்துவராது. சிலருக்கு நாள் முழுக்க ஒருவர் துணை வேண்டும். எந்தக் கம்பெனியாலும் அவர்கள் எல்லாருக்கும் வேலை கொடுத்துவிட முடியாது. அங்கே அரசும் அறக்கட்டளையும்தான் நிற்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. ஆட்டிசமும் அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் இடத்தை ஒதுக்கும். அந்த இடத்துக்குள் போகும் வழியை யாராவது உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

"எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பா?" சிறப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரிடமும் இருக்கும் கேள்வி இது. மாதாமாதம் வரும் சம்பளம் அதற்கு முழு பதில் ஆகாது. ஆனால் அவன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, காலையில் போக ஓர் இடம், வரவில்லை என்றால் "ஏன் வரலை?" என்று கேட்க நாலு பேர் என்று பதிலின் பெரும்பகுதி அதில்தான் வந்து சேர்கிறது.

ஆக, கம்பெனிக்குப் பெயர் யோசிப்பதைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் ஊர் சிறப்புப் பள்ளியில் அனுமதி கேட்டு, கொஞ்ச காலம் போய் உட்காருங்கள். ஒரு பிள்ளை எதை அலுக்காமல் செய்கிறது என்று பாருங்கள். பிறகு கடைத்தெருவுக்குப் போய் அந்த வேலைக்கு யார் காசு கொடுப்பார் என்று விசாரியுங்கள். வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்றுதானே வந்தீர்கள்? இந்த இரண்டு விசாரணைக்கும் நடுவில் அலையும்போது அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதைத் தேடி மட்டும் அங்கே போகாதீர்கள். பிள்ளைகள் நம் மனநிறைவுக்காகப் பள்ளிக்கு வருவதில்லை.