செம்பைத் தின்னும் களிம்பு

ஆன்மாவுக்கும் ஆணவ மலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கச் சைவ சித்தாந்தம் செம்பையும் அதன் களிம்பையும் உவமையாகக் கூறும். களிம்பு இடையில் வந்து ஒட்டியதன்று; செம்பு உள்ள நாள்தொட்டே அதனோடு கூடி நிற்பது என்பது அவ்வுவமையின் கருத்து. உயிருக்குச் சொன்ன அந்த உவமை, இறைவனின் செப்புத் திருமேனிகளுக்கே நேராகப் பொருந்திவிடும் நிலையும் உண்டு. ஆயிரம் ஆண்டுகள் அழியாதிருந்த ஒரு திருமேனி, காற்றிலுள்ள ஈரத்தால் சில ஆண்டுகளிலேயே பச்சைத் தூளாக உதிரத் தொடங்கலாம். அதைக் கண்டறிந்து தடுப்பதற்கென ஓர் அறிவியல் உலக அருங்காட்சியகங்களில் வளர்ந்துள்ளது. அதற்கு இந்தியாவில் வழிகாட்டியாக நின்ற ஆய்வுக்கூடங்களுள் ஒன்று சென்னை எழும்பூரில் இருக்கிறது.

ஒரு கரு, ஒரு திருமேனி

சோழர் காலத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் இறையுருவை முழுமையாக வடிப்பார்கள். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசிக் கருக்கட்டுவார்கள். கருவைச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறிவிடும். உள்ளே எஞ்சும் வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். அது ஆறியபின் மண் கருவை உடைத்தால்தான் திருமேனி வெளிப்படும். மெழுகும் கரைந்தது, கருவும் உடைந்தது. ஆகவே ஒரு கருவில் ஒரே திருமேனிதான் பிறக்க முடியும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இம்முறையையே கைக்கொள்கின்றனர்.

ஐம்பொன் என்று வழங்கினாலும் அக்கலவையில் மிகப் பெரும்பகுதி செம்பே. வெள்ளீயமும் ஈயமும் ஓரளவு சேரும். பொன்னும் வெள்ளியும் இருந்தால் மிகச் சிறிதளவே. எனவே செம்பின் இயல்பே திருமேனியின் இயல்பு. அழிந்தால் மறுபடி வார்க்க அதே கரு இல்லை என்பதால், ஒவ்வொரு திருமேனியின் இழப்பும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகிறது.

மண்ணுக்குள் சேர்ந்த உப்பு

1311ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படை தென்னாட்டில் நுழைந்தபோதும், பின்னர் வந்த போர்க்காலங்களிலும் கோயில் அடியார்கள் உற்சவ மூர்த்திகளை மண்ணுக்குள் மறைத்துக் காத்தனர். இது அச்சத்தில் அவசரமாகச் செய்த செயல் மட்டுமன்று. பகையச்சம் நேரும் காலத்தில் மறைவிடத்தில் குழி தோண்டி, மணல் பரப்பித் திருமேனியைப் பத்திரப்படுத்தும் முறையை வைகானச ஆகம நூலான விமானார்ச்சன கல்பம் கூறுகிறது.

மறைத்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை. இடம் அறிந்தவர் இல்லாமல் போயினர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் உழும்போதும், கடைக்கால் தோண்டும்போதும் அத்திருமேனிகள் வெளிப்பட்டன. நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 முதல் 1930களுக்குள் 350க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. இவ்வாறு மண்ணிலிருந்து கிடைத்தவற்றுள் பல, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியே அரசிடம் சேர்ந்து, 1851இல் நிறுவப்பட்ட சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தன.

மண்ணுக்குள் இருந்தபோது, நிலத்தடி நீரில் கரைந்திருந்த உப்பு மெல்ல மெல்லச் செம்பைத் தீண்டியது. உப்பிலுள்ள குளோரைடு செம்புடன் கூடித் தாமிரக் குளோரைடாக மாறி, மேற்பரப்பின் அடியில் குழிகளிலும் நுண்துளைகளிலும் தங்கியது. புதைந்து கிடந்தவரை காற்றின் வரவு குறைவு. ஆகவே அது பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது. வெளியே எடுத்து, ஈரமும் பிராணவாயுவும் நிறைந்த காற்றில் வைத்த அன்றே அது விழித்துக்கொள்கிறது.

நன்மை செய்யும் பச்சையும் தீமை செய்யும் பச்சையும்

செம்பில் காணும் பச்சை எல்லாம் நோயன்று. நெடுங்காலமாகக் காற்றில் இருந்த செம்பின்மேல் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு படலம் படியும். அது வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும், விரலில் ஒட்டாது. உள்ளிருக்கும் உலோகத்துக்கு அது ஒரு கவசம்.

மற்றொன்று வெளிர்பச்சை நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றும், மாவுபோல உதிரும், துடைத்தால் அடியில் சிறு குழி தெரியும். இதையே வேதியியலார் ‘வெண்கல நோய்’ என்று அழைக்கின்றனர். உள்ளே தங்கிய தாமிரக் குளோரைடு, ஈரத்தோடும் பிராணவாயுவோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அவ்வமிலம் அருகிலுள்ள நல்ல செம்பை அரித்து மறுபடியும் தாமிரக் குளோரைடாக்குகிறது. அது மறுபடியும் அமிலத்தைத் தருகிறது. அசலோடு வட்டி சேர்ந்து, அந்த வட்டிக்கும் வட்டி ஏறுவதைப் போல இந்தச் சுழற்சி தானாகவே வளரும். உண்டாகும் பச்சைத்தூள் செம்பு இருந்த இடத்தைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், மேற்பரப்பு வெடித்துப் பெயரும். அபய கரத்தின் விரல்நுனி, மகுடத்தின் நுண்வேலைப்பாடு, திருவாசியின் தீச்சுடர் ஆகிய மெல்லிய பகுதிகளுக்கே முதலில் ஆபத்து.

போர் கற்றுத்தந்த பாடம்

அருங்காட்சியகம் ஒன்றுக்கென வேதியியல் ஆய்வுக்கூடம் முதன்முதலில் 1888இல் பெர்லினில் பிரடெரிக் ராத்கன் என்பவரின் பொறுப்பில் தொடங்கியது. எனினும் சுற்றுச்சூழலின் வலிமையை உலகம் நன்கு உணர்ந்தது முதல் உலகப் போரின்போதுதான். குண்டுவீச்சுக்கு அஞ்சி, இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் அரும்பொருள்கள் பலவற்றை நிலத்தடி அஞ்சல் இரயிலுக்கென வெட்டிய சுரங்கத்தில் வைத்தது. குண்டுகளிடமிருந்து அவை தப்பின. ஆனால் 1919இல் வெளியே எடுத்துப் பார்த்தபோது, இரும்புப் பொருள்கள் துருப்பிடித்திருந்தன. வெண்கலப் பொருள்களில் பச்சை பூத்திருந்தது. பகைவர் செய்யாததைச் சுரங்கத்தின் ஈரக் காற்று செய்துவிட்டது. அதன் விளைவாக 1920இல் அலெக்சாண்டர் ஸ்காட் என்ற வேதியியலாரின் தலைமையில் அங்கே ஆய்வுக்கூடம் பிறந்தது. பூட்டி வைப்பதும் காப்பதும் ஒன்றல்ல என்பதே அந்நிகழ்ச்சி தந்த பாடம்.

எழும்பூர் ஆய்வுக்கூடம்

சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடம் 1930இல் தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் எஸ். பரமசிவன். பிற்காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்கள் எம்முறையில் தீட்டப்பட்டன என்பதை வேதியியல் வழியே ஆராய்ந்த அறிஞரும் இவரே. மண்ணிலிருந்து வந்த செப்புத் திருமேனிகளின் நோயைத் தீர்ப்பதே ஆய்வுக்கூடத்தின் முதற்பணியாக இருந்தது.

அன்று கையாண்ட முறை மின்னாற்பகுப்பு. காஸ்டிக் சோடாவைச் சிறிதளவு கரைத்த நீர்த்தொட்டியில் திருமேனியை இறக்கி, மின்கலத்தின் எதிர்முனையோடு இணைப்பார்கள். சுற்றிலும் நிற்கும் இரும்புத் தகடுகள் நேர்முனையோடு இணைக்கப்படும். மெல்லிய மின்னோட்டம் பாயும்போது, செம்பைப் பற்றியிருந்த குளோரைடு அதை விட்டு விலகி இரும்புத் தகடுகளை நோக்கிச் செல்லும். கெட்டித்துப் போன களிம்பும் இளகும். அப்பணி முடிந்தபின் காய்ச்சி வடித்த நீரில் திருமேனியைப் பன்முறை ஊறவைத்து எடுப்பார்கள்.

உப்பு முற்றும் நீங்கியது என்பதை அறியவும் ஒரு சோதனை உண்டு. ஊறவைத்த நீரில் சிறிது எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு துளி விடுவார்கள். நீர் பால்போல வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். தெளிவாகவே இருந்தால் நீங்கியது. அதுவரை நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாட்கணக்காக, சில வேளைகளில் வாரக்கணக்காக நீளும் பொறுமையான பணி இது.

1967க்குப் பின் பென்சோடிரையசோல் என்னும் வேதிப்பொருள் உலகெங்கும் இப்பணிக்கு வந்தது. அது செம்போடு இணைந்து மெல்லிய காப்புப் படலமாகிறது. அதன்மேல் நிறமற்ற பூச்சோ மெழுகோ இடுவதுண்டு. மெழுகில் பிறந்த திருமேனிக்கு இறுதியில் மெழுகே காப்பாக அமைகிறது.

காற்றைக் காவல் காத்தல்

எந்த மருந்தாலும் நுண்துளைகளில் புகுந்த உப்பு முழுவதையும் எடுத்துவிட முடியாது. ஆகவே சிகிச்சை முடிந்தபின்னும் காற்றின் ஈரத்தை அடக்கி வைப்பதே நிலையான பாதுகாப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கோப்பதையும், டப்பாவில் வைத்த அப்பளம் நமுத்துப்போவதையும் எல்லா இல்லங்களிலும் காணலாம். திருமேனிக்குள் தங்கிய உப்பும் அவ்வாறே காற்றின் ஈரத்துக்கு மறுமொழி சொல்கிறது.

குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது அதில் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். அது 42 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வெண்கல நோய் ஏறக்குறைய அடங்கிக் கிடக்கும். 46ஐக் கடந்தால் தொடங்கிவிடும். மேலே செல்லச் செல்ல விரையும். கடலோரச் சென்னையிலோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு.

அதனால்தான் அருங்காட்சியகங்கள் பலவற்றில் கண்ணாடிப் பேழைகளுக்கு இடைவெளியின்றி மூடி போடுகிறார்கள். உள்ளே பார்வைக்குத் தெரியாமல் சிலிக்கா ஜெல் மணிகளை வைக்கிறார்கள். மருந்துப் புட்டியில் சிறு பொட்டலமாக வருவது இதுவே. ஈரத்தை உண்டதும் இம்மணிகளில் ஒரு வகை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். சூடேற்றி உலர்த்தினால் பழையபடி நீலமாகும். அறையைக் குளிர்விப்பதும் கவனத்துக்குரியது. பகலெல்லாம் குளிரூட்டி, இரவில் நிறுத்திவிட்டால், வெளியிலிருந்து ஈரக்காற்று புகும். குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலத் திருமேனியின்மேலும் நீர் அரும்பக்கூடும். மாறாத நிலையே இங்கு முதல் தேவை. தொடுவோரின் கைவியர்வையிலும் உப்பு உண்டு என்பதால் ஊழியர் கையுறை அணிந்தே திருமேனிகளை எடுக்கின்றனர்.

இன்னொரு மாற்றமும் இத்துறையில் நிகழ்ந்துள்ளது. முன்பு களிம்பு முழுவதையும் நீக்கிப் பளபளப்பாக்க விரும்பினர். இன்று நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி, நல்ல படலத்தை அப்படியே விட்டுவைக்கின்றனர். படிந்திருப்பதும் வரலாறு பேசும். வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராசர் எங்கிருந்து வந்தவர் என்ற வழக்கு இலண்டன் நீதிமன்றத்தில் நடந்தபோது, திருமேனியின்மேல் இருந்த மண்ணும் கறையான் தடமும்கூட ஆராயப்பட்டன. 1991இல் அத்திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது.

கோயில்களிலும் இல்லங்களிலும்

இந்த அறிவு அருங்காட்சியகத்தோடு நிற்க வேண்டியதன்று. நாள்தோறும் திருமஞ்சனம் கண்டு, நன்னீரால் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்கப்படும் திருமேனியில் உப்பும் ஈரமும் தங்க இடம் குறைவு. முன்னோர் வகுத்த அந்த ஒழுங்கில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ஆனால் பால், இளநீர், பஞ்சாமிர்தம் ஆகியவற்றின் எச்சம் பீடத்தின் இடுக்கிலும் ஆபரண மடிப்பிலும் தங்கிவிட்டால் அதுவே களிம்புக்கு வித்தாகும். புளியும் எலுமிச்சையும் கொண்டு அடிக்கடி அழுத்தித் தேய்ப்பதும் கேடே. பன்னெடுங்காலத் தேய்ப்பினால் கண்ணும் மூக்கும் மழுங்கிய திருமேனிகள் பல ஊர்களில் உள்ளன.

திருட்டுக்கு அஞ்சி, சிறு கோயில்களின் திருமேனிகள் பல திருவாரூர் போன்ற ஊர்களின் உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டுள்ளன. கள்வரிடமிருந்து காக்க அது தேவையான ஏற்பாடே. ஆயினும் இலண்டன் சுரங்கத்தின் பாடம் பூட்டிய அறை எதற்கும் பொருந்தும். அங்கும் ஈரப்பதம் அளக்கப்பட வேண்டும்; திருமேனிகள் ஈரத்தரையில் படாமல் இருக்க வேண்டும்; குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பார்வையிடப்பட வேண்டும். தம் ஊர் மூர்த்தி ஆண்டு உற்சவத்துக்கு எழுந்தருளும் நாளில் தரிசிக்கும் அன்பர்கள், வெளிர்பச்சைத் தூள் எங்கேனும் உதிர்கிறதா என்று ஒரு கணம் கவனித்து, கண்டால் கோயில் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கலாம். தாமே சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. இல்லத்துப் பூசையறையின் பழைய விக்கிரகத்துக்கும் இதுவே விதி: அபிஷேகம் முடிந்ததும் நன்னீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காற்றாட வைத்தபின்னரே பெட்டியில் எழுந்தருளச் செய்ய வேண்டும்.

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் திருவாலங்காட்டு நடராசருக்குத் தீபாராதனையும் நைவேத்தியமும் இல்லை. ஆனால் அவரைச் சூழ்ந்த காற்றின் ஈரத்தை அளந்து, அளந்ததை ஏட்டில் குறித்து, உலர்த்தும் மணிகளை மாற்றிவைக்கும் வேலை ஒரு நாளும் தவறக் கூடாத வேலை. பெயர் வெளியில் தெரியாத ஊழியர்கள் அதைச் செய்வதால்தான், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்தபதி மெழுகில் வடித்த திருவடியை இன்றைய கண்களும் காண முடிகிறது.