ஓட்டையில்லாத கவரில் ஈரம் நுழையும் வழி

முறுக்கை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை உருக்கி ஒட்டியே வைத்தாலும் மழைக்காலத்தில் கொஞ்ச நாளில் நமத்துப்போகிறது. கவரில் ஓட்டை இல்லை. ஈரம் பிளாஸ்டிக்குக்குள் புகுந்தே வருகிறது.

நீராவியின் மூலக்கூறு முதலில் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் கரைகிறது. உள்ளே பாலிமர் சங்கிலிகள் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே கணநேரம் திறக்கும் இடைவெளிகளில் தாவித் தாவி மறுபக்கம் வெளியேறுகிறது. வாயுக்கள் ரப்பரை இப்படிக் கரைந்தே கடக்கின்றன என்று தாமஸ் கிரஹாம் 1866-லேயே விளக்கிவிட்டார்.

அப்படியானால் சங்கிலிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது முக்கியம். கசக்கினால் சரசரக்கும் எச்.எம். கவர், மெத்தென்று இழுபடும் எல்.டி. கவர் இரண்டுமே பாலித்தீன்தான். எல்.டி.யின் சங்கிலிகளில் கிளைகள் அதிகம்; நெருங்கிப் படுக்க முடியாது. எச்.எம்.மில் கிளைகள் குறைவு, சங்கிலிகள் சீராக அடுக்கிப் படிகமாகின்றன. படிகத்துக்குள் நீர் நுழையாது, சுற்றித்தான் போக வேண்டும். அதனால் ஒரே தடிமனில் எச்.எம். கவர் கடத்தும் ஈரம் பல மடங்கு குறைவு.

ஆனால் நெருக்கம் மட்டும் போதாது. செல்லோஃபேனைப் பாருங்கள். சுவிஸ் வேதியியலர் ஜாக் பிராண்டன்பெர்கர் 1908-இல் உருவாக்கிய இந்தப் பளபளப்பான தாள் எண்ணெயையும் காற்றையும் தடுத்தது. ஈரத்தைத் தாராளமாக உள்ளே விட்டது. அது செல்லுலோஸ். அதன் சங்கிலி நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள். தண்ணீரை இழுத்துப் பிடிப்பவை. டூபான்ட் நிறுவனத்தில் வில்லியம் சார்ச் 1927-இல் மெழுகு கலந்த மெல்லிய பூச்சு கொடுத்த பிறகுதான் அது ஈரம் தாங்கும் உறையானது.

தண்ணீரை இழுக்கும் இதே குணம் இன்றைய ஈ.வி.ஓ.எச். (எத்திலீன் வினைல் ஆல்கஹால்) பிளாஸ்டிக்குக்கும் உண்டு. உலர்ந்திருக்கும்போது ஆக்சிஜனை அது தடுப்பதுபோல் தடுக்கும் பிளாஸ்டிக்குகள் மிகச் சில; நனைந்தால் சங்கிலிகள் விலகி, அந்தத் திறன் சரிகிறது. பாலித்தீன் நேர்மாறு: நீரை வெறுக்கும், ஆக்சிஜனை விட்டுவிடும். இரண்டையும் ஒருசேரத் தடுக்கும் மலிவான ஒற்றைப் பிளாஸ்டிக் அரிது. அதனால்தான் ஈ.வி.ஓ.எச்.சை நடுவில் வைத்து இருபுறமும் பாலித்தீன் ஒட்டுகிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டின் உள்ளே மின்னும் வெள்ளி நிறமும் இப்படியொரு தடுப்பு அடுக்குதான்: பாலிபுரொப்பிலீன் தாள்மேல் ஆவியாகப் படியவைத்த அலுமினியம்.

அடுக்குகள் கூடக்கூட, பிரித்து மறுசுழற்சி செய்வது கடினமாகிறது. நமத்துப்போகாத தின்பண்டத்துக்காக நாம் கொடுக்கும் இந்த விலை அதிகம் என்றே நினைக்கிறேன். இதற்கு மாற்றாக, பாலித்தீன் தாளை ஒரே திசையில் இழுத்து நீட்டி, சங்கிலிகளை வரிசைப்படுத்தி, ஒரே பொருளாலான உறைகளை இப்போது தயாரிக்கிறார்கள். மறுசுழற்சிக்கு அது எளிது.