விழுந்ததையும் எழுதுங்கள்

மாதிரி கிளைடர் செய்து பறக்கவிடலாம் என்றால் எந்த வகுப்பும் துள்ளி எழும். ஒவ்வொரு முறையும் டேப்பை நீட்டித் தூரத்தை அளந்து எழுதச் சொன்னால் முகம் சுருங்கும். எழுதும்போதும் நன்றாகப் பறந்த தடவைகள்தான் நோட்டில் ஏறும். சொத்தென்று விழுந்ததைக் கேட்டால், "அது சரியா எறியலை சார்" என்பார்கள். பாடம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

1901 கோடையில் அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே, ரைட் சகோதரர்களின் கிளைடரும் சொன்னபடி கேட்கவில்லை. ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தாலின் அட்டவணையை வைத்துக் கணக்கிட்ட தூக்குவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அந்த அளவீட்டை அவர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. டேட்டன் நகரிலிருந்த தங்கள் சைக்கிள் கடைக்குத் திரும்பி, 6 அடி நீள மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் அமைத்தார்கள். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் தராசு செய்து, சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். முக்கியமான தவறு லிலியந்தாலுடையது அல்ல. தூக்குவிசைக் கணக்கில் அவர்கள் சேர்த்த, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பலரும் அப்படியே எடுத்தாண்ட காற்றழுத்த மாறிலிதான் பிழை; 0.005 என்று நம்பியிருந்தது உண்மையில் 0.0033 அளவுதான். அகலம் குறைந்து நீண்ட இறக்கையே மேல் என்பதும் தெரியவந்தது. 1902-இல் அவர்களுடைய புதிய கிளைடர் ஒரே வீச்சில் 622.5 அடி போனது.

இதே வேலையைப் பள்ளி வராந்தாவிலும் செய்யலாம். காற்றடிக்காத இடம், தெர்மாகோல் தட்டில் வெட்டிய கிளைடர், டேப், கிராஃப் ஷீட் போதும். கையால் எறிந்தால் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். பலகையில் இரண்டு ஆணி அடித்து ரப்பர் பேண்ட் மாட்டி, எப்போதும் ஒரே கோடு வரை இழுத்து விட வேண்டும். பிறகு மூக்கில் ஜெம் கிளிப்பை ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு எடைக்கும் ஐந்து முறை பறக்கவிட வேண்டும். வேறெதையும் மாற்றக்கூடாது.

கிளிப் எண்ணிக்கை கிடையச்சில், தூரம் செங்குத்து அச்சில். சராசரியை மட்டும் குறிக்காமல் ஐந்து புள்ளிகளையும் வைக்கச் சொல்லுங்கள்; புள்ளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதும் ஒரு தகவல். மூக்கு லேசாக இருந்தால் கிளைடர் தலைதூக்கி, வேகமிழந்து, குப்புற விழும். எடை கூடக்கூடத் தூரம் ஏறும். ஓர் அளவு தாண்டினால் மூக்கு தரையில் குத்தும். குன்று போல ஏறி இறங்கும் அந்தக் கோட்டை மாணவர் தம் கையால் வரைந்து பார்க்க வேண்டும். கணினி அப்புறம் வரட்டும்.

அடுத்து, விடும் உயரத்தை மாற்றித் தூரத்தை அளந்தால் ஏறக்குறைய நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வுதான் மிதவை விகிதம்: உயரம் 1 மீட்டர் கூடும்போது தூரம் 5 மீட்டர் கூடினால் விகிதம் 5. கோடு ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்று யாராவது கேட்டால் அந்த வகுப்பு வென்றுவிட்டது. ரப்பர் பேண்ட் தந்த வேகத்துக்கும் அதில் பங்குண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதிக தூரம் பறந்த கிளைடருக்குப் பரிசு தராதீர்கள். மோசமான அளவுகளை மறைக்கும் பழக்கத்தை அதுவே வளர்க்கிறது. அடுத்த முறை எங்கே இறங்கும் என்று வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லி, அதற்கு மிக அருகில் இறக்கிக் காட்டும் குழுவுக்குக் கொடுங்கள்.