உங்களுக்குத் தெரியுமா? ஆணி தின்ற மாடும் பனை ஏறிய மீனும்

● வாழையில் 'மரம்' என்று நாம் தொட்டுப் பார்ப்பது மரமும் அல்ல, தண்டும் அல்ல. இலைகளின் அடிப்பட்டைகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றி நிற்கிற உருளை அது. உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கும் பருவம் வந்ததும் கிழங்கின் நுனிமொட்டு இலை விடுவதை நிறுத்திவிட்டு, பட்டைகளின் நடுவே ஒரு காம்பை மேலே அனுப்பும். நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு இந்தப் பூக்காம்புதான். தார் தள்ளியபின் அந்த வாழைக்கு மேற்கொண்டு வளர நுனிமொட்டு இல்லை. ஒரு வாழை ஒரு தாரோடு முடிந்துபோவது இதனால்தான். பக்கக்கன்றுகள் வருவது கிழங்கின் வேறு மொட்டுகளிலிருந்து.

● பலாப்பழம் ஒரு பழமல்ல, பூக்களின் பெருங்கூட்டம். மேலே உள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூவின் இதழ்ப்பகுதி சதைப்பற்றாகிச் சுளையாகிறது. கருவுறாமல் போனவை சுளைகளுக்கிடையே சடையாகத் தங்கிவிடுகின்றன. சடை மிகுந்த பழம் வாய்த்தால் பழக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்கவில்லை, அவ்வளவுதான்.

● முந்திரியில் சாறு வடியும் 'பழம்', பருத்துப்போன பூக்காம்பு. அடியில் தொங்கும் கொட்டைதான் கனி.

● தொட்டாற்சுருங்கிக்குத் தசை கிடையாது. இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். தொட்டவுடன் அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். விறைப்பு இழந்த பக்கம் தொய்ய, இலை மடங்கும். தொட்ட செய்தி மின்துடிப்பாகச் செடிக்குள் பரவுவதை ஜகதீஷ் சந்திர போஸ் தாமே செய்த கருவிகளால் அளந்து காட்டினார். சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலை கூப்புவதும் இதே நீர் வித்தைதான், கொஞ்சம் நிதானமாக.

● பிச்சாவரம் சேற்றில் குச்சி குச்சியாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டல் மரத்தின் வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மூச்சுக்காக மேலே வருகின்றன. உறிஞ்சிய உப்பை இலைகளிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடும். இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும்.

● கரப்பான்பூச்சிக்கு நுரையீரல் இல்லை. அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதும் இல்லை. உடலின் இரு பக்கங்களிலும் உள்ள 10 ஜோடித் துளைகள் வழியே நுழையும் காற்று, கிளை கிளையாகப் பிரியும் குழல்களில் நேராகத் திசுக்களுக்கே போய்ச் சேர்கிறது. மூச்சுக்கும் தலைக்கும் சம்பந்தமில்லை. நரம்பு முடிச்சுகளும் உடல் நெடுகப் பரவியிருப்பதால், தலை போனாலும் ஏறக்குறைய ஒரு வாரம் உயிரோடு இருக்கும். செருப்பால் அடித்துவிட்டு 'செத்தது' என்று திரும்பியவர்கள் கவனிக்க.

● கணவாய்க்கு இதயம் மூன்று. இரண்டு செவுள்களுக்கும், ஒன்று உடல் முழுதுக்கும் இரத்தம் அனுப்பும். இரும்புக்குப் பதில் செம்பு கலந்த நிறமி ஆக்சிஜனைச் சுமப்பதால் இரத்தம் நீலம்.

● பல்லி தன் வாலை முதுகெலும்பின் இரு கண்ணிகளுக்கு நடுவே முறிப்பதில்லை. வால் கண்ணிகளின் உள்ளேயே முறிவுக்கென மெலிந்த இடம் அமைந்திருக்கிறது. மறுபடி முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது. குருத்தெலும்புக் குழாய் மட்டுமே.

● நாம் மூச்சை விடும்போது நுரையீரலுக்குப் புதுக்காற்று கிடைப்பதில்லை. பறவைக்குக் கிடைக்கிறது. புறாவின் உடலில் 9 காற்றுப்பைகள் உண்டு. உள்ளிழுத்த காற்றில் ஒரு பங்கு பின்பக்கப் பைகளில் காத்திருந்து, மூச்சை விடும்போது நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓடும். இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாட்சி வரித்தலை வாத்து. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் பறவை இது. இமயமலையைக் கடக்கையில் இவை 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததை, உடலில் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு அதன் ஹீமோகுளோபினும் கைகொடுக்கிறது. காற்று மெலிந்த இடத்திலும் ஆக்சிஜனை விரைந்து பற்றிக்கொள்ளும்.

● மீன் மூச்சுமுட்டித் தண்ணீரிலேயே சாகுமா? பனையேறிக் கெண்டை சாகும். செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு அதற்கு உண்டு. மேலே வந்து காற்றை விழுங்கி அதில் நிரப்பிக்கொள்ளும். வலைபோட்டு நீர்மட்டத்துக்கு வரவிடாமல் தடுத்தால், செவுள்கள் மட்டும் அதைக் காப்பாற்றாது. குளம் வற்றினால் செவுள்மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, அடுத்த நீர்நிலைக்கு நகரும். 1791-இல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், ஏரியோரப் பனையொன்றில் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அவருடைய குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயன் கழக ஏட்டில் வந்தது. ஐரோப்பிய அறிஞர்கள் நெடுநாள் அதைச் சந்தேகித்தார்கள். நம்மூர்ப் பெயரிலேயே பனையேற்றம் இருப்பதைப் பார்த்தால், நம் செம்படவர்களுக்கு அது செய்தியே அல்ல.

● மாட்டுக்கு நான்கு வயிறு என்பது பாதி உண்மை. வயிறு ஒன்றே, அறைகள் நான்கு. மேல்தாடையில் முன்பற்களும் கிடையாது. நாக்கால் வளைத்துப் பறித்து, மெல்லாமலே விழுங்கிவிடும். பெருவயிற்றிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள்தாம் புல்லைச் செரிக்கின்றன. மாடு பிறகு அவற்றையும் சேர்த்துச் செரித்துக்கொள்ளும். அசைபோட நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும்.

வினை வருவது இந்த அவசர விழுங்கலில்தான். வைக்கோலோடு போன ஆணியும் கம்பித்துண்டும் கனம் காரணமாக இரண்டாவது அறையில் தங்கும். ஆட்டுக்குடல் வாங்குகிறவர்கள் பார்த்திருப்பார்களே, தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும் பகுதி, அதுதான். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் மட்டும். அறை சுருங்கும்போது ஆணி முன்னோக்கிக் குத்தி, இதய உறையையே துளைத்துவிடலாம். இதற்காகவே மாட்டை ஒரு காந்தத்தை விழுங்கவைக்கும் வழக்கம் கால்நடை மருத்துவத்தில் உண்டு. காந்தம் அங்கேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலித்தீன் பைக்கு அப்படி ஒரு காந்தம் இல்லை. அது செரிக்காமல் பெருவயிற்றிலேயே சேர்ந்துகொண்டு போகும்.

● ஆணி என்றதும் தென்னை. மாவிலும் வேம்பிலும் பட்டைக்கு அடியில், பெருகிக்கொண்டே இருக்கும் செல்களாலான மெல்லிய படலம் உண்டு. மரம் ஆண்டுதோறும் பருப்பதும், வெட்டுக்காயம் மூடிக்கொள்வதும் அதனால். தென்னையிலும் பனையிலும் அந்தப் படலம் இல்லை. அதனால்தான் ஆண்டு வளையமும் இல்லை. ஏறுவதற்காக எப்போதோ வெட்டிய படி, மரம் இருக்கும்வரை அப்படியே இருக்கும். ஆறாத அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். உச்சியில் இருக்கும் ஒரே குருத்து அழிந்தால் மரமே போய்விடும். ஆகவே கொடி கட்டவோ பலகை மாட்டவோ தென்னையில் ஆணி அடிக்காதீர்கள். கயிற்றால் சுற்றிக் கட்டுங்கள். வளர்ந்த தென்னை மேற்கொண்டு பருக்காது, கயிறு இறுக்காது.