ஊர்க் கோயிலும் தூரத்துப் புனிதரும்

திருத்தலப் பயணம் என்றதும் நம் முற்போக்காளர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: மூடநம்பிக்கை. திருச்சபையிடம் இன்னொரு பதில்: விசுவாசம். இரண்டுமே போகிறவர்களைக் கேட்காமல் சொல்லப்பட்ட பதில்கள்.

எங்கள் அச்சன்புதூர், தென்காசிப் பக்கத்தில் 'ஏன் போறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். மீட்பு, நித்திய ஜீவன் என்றெல்லாம் யாரும் தொடங்குவதில்லை. 'நேந்துக்கிட்டோம், போகணும்லா' என்பார்கள். நேர்ச்சை என்பது ஒருவகை ஒப்பந்தம். பிள்ளை இல்லாமை, தீராத நோய், கோர்ட்டு வழக்கு என எதுவானாலும் புனிதரோடு நேரடியாகப் பேசி முடித்துக்கொள்வது. இடையில் பங்குச் சாமியார் தேவையில்லை. காரியம் கைகூடினால் மொட்டை, மெழுகுவர்த்தி, அசனச் சோறு. புளியம்பட்டியிலும் உவரியிலும் அந்தோனியாரை நம்பி, பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் நாட்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு. பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் தர்காவுக்கு நேர்ந்துகொள்கிற குடும்பங்கள் அந்தோனியாருக்கும் நேர்ந்துகொள்கின்றன. மதத்தைத் தனித்தனிப் பெட்டியாகப் பார்க்கும் சொல்லாடல் இங்கே செல்லாது.

சரி, அதே அந்தோனியார் ஊர்க் கோயிலிலும்தானே இருக்கிறார்? பஸ் ஏறி ஏன் போகணும்? அற்புதம் நடந்த இடம் என்ற நம்பிக்கை ஒரு காரணம். எனக்கு இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. ஊர்க் கோயிலுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சப்பரம் எந்தத் தெருவுக்கு வரும், யார் தூக்குவது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பதையெல்லாம் வேதாகமம் தீர்மானிப்பதில்லை, சாதி தீர்மானிக்கிறது. 1872இல் கட்டி முடிக்கப்பட்ட வடக்கன்குளம் கோயிலில் வெள்ளாளர்களையும் நாடார்களையும் பிரிக்க நடுவே சுவரே இருந்தது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இந்த வரலாற்றைப் பேசும் நூல். திருத்தலத்தின் பெருங்கூட்டத்திலோ யார் எந்தத் தெரு என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அந்த முகமற்ற நிலை, ஒடுக்கப்பட்டவருக்கு ஒரு விடுதலைதான்.

இதே வடக்கன்குளத்தில்தான், சுவர் எழும்புவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு, 1745இல், திருவிதாங்கூர் அரண்மனை ஊழியரான நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டு அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது மேல்சாதியினரின் வெறுப்பைத் தூண்டியது என்பதைத் திருச்சபையே பதிவுசெய்திருக்கிறது. இன்று காற்றாடிமலைக்குப் போகிறவர்கள், தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையைத் தட்டிப் பார்க்கிறார்கள். புலியூர்க்குறிச்சியில், அவர் தாகத்தோடு முட்டியால் இடித்தபோது நீர் சுரந்ததாக நம்பப்படும் பாறையிலிருந்து தண்ணீர் எடுத்துப்போகிறார்கள். அரசதிகாரம் கொன்றவனை மக்கள் தெய்வமாக்கிக்கொள்வது தென்மாவட்டங்களில் புதிதல்ல. நம் சுடலைகளுக்கும் மாடன்களுக்கும் நடுவே நிற்கிற அதே தர்க்கம்தான் இது. ரோம் அவரை 2022 மே 15இல்தான் புனிதராக அறிவித்தது. அதற்கு முன்பே, எதிர்ப்பு எழுந்ததால், பெயரிலிருந்த 'பிள்ளை' நீக்கப்பட்டது.

பெயரில் இருந்த சாதி போயிற்று, நல்லது. ஆனால் திருத்தலம் தரும் சமத்துவம் திருவிழா முடியும்வரைதான். திரும்பும் பஸ் ஒவ்வொருவரையும் அவரவர் தெருவில்தான் இறக்கிவிடுகிறது. சாதியால் மூச்சுமுட்டுகிறவனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மூச்சுவிட இடம் தந்து, மற்ற நாட்களில் ஊர்க் கோயிலின் ஒழுங்கு குலையாமல் பார்த்துக்கொள்ளவும் திருத்தலம் பயன்படுகிறது. நிறுவனத்துக்கு இது வசதி.

ஆகவே செயல்பாட்டாளர்கள் பயணிகளிடம் 'ஏன் போறே?' என்று ஏளனமாகக் கேட்பதை விடலாம். அங்கே தோளோடு தோள் உரசி நின்று அவர்கள் அனுபவித்த ஒன்று, ஊரில் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வியைப் பங்குப் பேரவையிலும் கல்லறைத் தோட்டத்திலும் சேர்ந்து கேட்கலாம். வடக்கன்குளத்துச் சுவர் நேர்ச்சையால் விழவில்லை, இடித்ததால்தான் விழுந்தது.