ஒலி காட்டும் ரத்தக் கட்டி!

நாம் சாப்பிடும் சாப்பாடு குடலில் செரிக்கிறது. அதன் சத்து ரத்தத்தில் கலக்கிறது. அந்த ரத்தம் நேராக இருதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது!

அதைக் கொண்டு போகும் குழாய்க்கு "போர்ட்டல் வெயின்" என்று பெயர். நீளம் சுமார் 8 சென்டிமீட்டர்தான். ஆனால் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதன் வழியாகவே வருகிறது.

இந்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டால் என்ன ஆகும்?

உடைப்பு எடுக்கும்

வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் சும்மா நிற்குமா? கரையில் பலவீனமான இடம் பார்த்து உடைத்துக் கொண்டு போகும். ரத்தமும் அப்படித்தான். உணவுக் குழாயின் அடியில் உள்ள சிறு ரத்தக் குழாய்களில் புகுகிறது. அவை புடைக்கின்றன. ஒரு நாள் வெடித்தால், நோயாளி ரத்த வாந்தி எடுக்கிறார்.

கட்டி குடல் பக்கம் பரவினால் ஆபத்து இன்னும் அதிகம். ரத்த ஓட்டம் நின்று குடலே அழுகிவிடக் கூடும்.

கல்லீரல் சுருங்கியவர்களுக்கும், கல்லீரலில் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் இந்த அடைப்பு வருகிறது. கணையம் வீங்கினாலும், வயிற்றுக்குள் சீழ் பிடித்தாலும் வரலாம். பிறந்த குழந்தையின் தொப்புளில் சீழ் பிடிப்பதும் ஒரு காரணம். அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு, திடீரென்று ரத்த வாந்தி எடுக்கும்!

ரெயிலில் ஊதிய எக்காளம்

ரெயில் ஊதிக் கொண்டே நம்மை நோக்கி வந்தால் சத்தம் கூர்மையாகக் கேட்கும். கடந்து போனதும் சுருதி இறங்கிவிடும். இந்தத் தத்துவத்தை 1842-ம் ஆண்டில் சொன்னவர், ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர். 1845-ல் ஹாலந்து நாட்டில் ஓடும் ரெயிலில் எக்காளம் ஊதச் செய்து, அது உண்மைதான் என்று கண்டார்கள்.

"டாப்ளர் ஸ்கேன்" செய்வதும் இதுதான். காதுக்குக் கேட்காத ஒலியை வயிற்றுக்குள் அனுப்புகிறார்கள். ஓடும் ரத்தத்தில் பட்டு அது திரும்பி வருகிறது. சுருதி மாறியிருந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். கருவியை நோக்கி வரும் ரத்தம் பெரும்பாலும் சிவப்பாகவும், விலகிப் போவது நீலமாகவும் திரையில் தெரியும். அடைபட்ட இடத்தில் நிறமே இராது.

1950-களில் இதே குழாயைப் பார்க்க, மண்ணீரலில் ஊசி குத்தி, மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்று முதல் சோதனைக்கு ஊசியே வேண்டாம்! வெறும் வயிற்றோடு போனால் போதும். குடலில் காற்று இருந்தால் படம் மறையும்.

படம் பார்த்து வைத்தியம்

ரத்தம் மிக மெதுவாக ஓடினாலும் நிறம் தெரியாமல் போவதுண்டு. ஆகையால் கையில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேனும் எடுக்கிறார்கள். கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று அதில் தெரியும்.

குழாய்க்குள் இருப்பது வெறும் ரத்தக் கட்டியா, புற்றுநோயா? புற்றுநோய் என்றால் அதற்குள் மருந்து பாய்ந்து படத்தில் பளிச்சென்று தெரியும். வெறும் கட்டிக்குள் மருந்து பாயாது.

கட்டி புதியதா, பழையதா? பழையது என்றால், அதைச் சுற்றி வலை பின்னியது போல் சிறு குழாய்கள் முளைத்திருக்கும்.

புதிய கட்டி என்றால், ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பல மாதங்கள் தருகிறார்கள். வழி திறந்ததா என்று மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். உணவுக் குழாயில் புடைத்த ரத்தக் குழாய்களுக்கு, வாய் வழியாகக் கருவியை விட்டு ரப்பர் வளையம் போடுகிறார்கள். சிலருக்குக் கழுத்து வழியாகக் கம்பியை இறக்கி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக் கொண்டே கல்லீரலுக்குள் மாற்று வழி அமைக்கிறார்கள்.

ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார் போல் கறுத்துப் போனாலும் கை வைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ கூடாது.